பள்ளிக்கூட வாசலில் ஒரு பாவு

பள்ளிக்கூடம் இருக்கிற தெருவில்தான் குடியிருப்பேன் என்று நான் சொன்னதும் என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். தறிக்காரன் வீடு பார்க்கிறபோது என்னென்ன பார்ப்பான் என்று எனக்கே பாடம் நடத்தினார். குழித்தறி வெட்டுவதற்குத் தரை கெட்டியாக இருக்க வேண்டும், கூரை ஒழுகக் கூடாது, தண்ணீர் பக்கத்தில் கிடைக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலே, தறியில் நீளவாக்கில் ஏற்றுகிற நூலை, அதாவது பாவை, விரிக்க வாசலில் நீளமான இடம் வேண்டும். அவர் சொன்ன வரிசையில் பள்ளிக்கூடம் எங்கேயும் வரவில்லை. நீங்கள் சொன்னதெல்லாம் சரி, அதன் தலையில் இதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். மனிதர் சிரிப்பை நிறுத்தினார்.

இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்னால் நடந்தது இது. ராசிபுரத்தில் கூட்டுக் குடும்பமாக இருந்த வீடு அண்ணன் தம்பிகளுக்குள் பாகம் பிரிந்தது. எங்களுக்கு நூல் கொடுத்துக்கொண்டிருந்த முதலாளி சேலத்துக்காரர். அங்கேயே வந்துவிடுங்கள், போக்குவரத்து மிச்சம் என்று சொல்லியிருந்தார். சரி, எப்படியும் வீடு மாறத்தான் வேண்டும், அது என் இஷ்டத்துக்கு இருக்கட்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன்.

பிடிவாதத்துக்குக் காரணம் என் மகள். எட்டு வயது, ஒரே பெண். ராசிபுரத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரைக்கும் பையன்களோடு பின்வரிசையில் உட்கார்ந்து படித்தாள். அதற்கு மேல் பெண் குழந்தைகளை யாரும் அங்கே அனுப்பியதில்லை. சேலத்தில் பெண்களுக்கென்றே ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது, எட்டாம் வகுப்பு வரைக்கும் நடக்கிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். மூன்றாவதுக்குப் போக வேண்டிய வருஷத்தில் எங்கள் அப்பா இன்னொரு தறி போட்டார். குறுக்கே ஓடும் நூலைச் சின்னக் குச்சியில் தாராகச் சுற்ற ஒரு ஆள் வேண்டியிருந்தது, நான் கையெட்டும் தூரத்தில் இருந்தேன். இன்றைக்கும் எனக்குப் படிக்க வரும், ஆனால் நொண்டிக்கொண்டு வரும். என் மகள் நின்றுவிடக் கூடாது. அப்போது எனக்கு இருந்த ஆசையெல்லாம் அது ஒன்றுதான்.

சித்திரை வெயிலில் வீடு பார்க்கக் கிளம்பினோம். முதலில் அவர் ஆசைப்படி நெசவாளர்கள் இருக்கிற தெருவுக்குப் போனோம். தெருக்கோடியில் பாவடி இருந்தது. பாவடி என்றால் பாவு விரிப்பதற்கென்றே விட்டிருக்கிற பொது மைதானம். வரிசையாகப் புளியமரமும் வேப்பமரமும் நின்று நிழல் கொடுத்தன. நாங்கள் போன நேரத்தில் ஒரு பாவு விரித்திருந்தார்கள். நூலுக்குக் கஞ்சி போட்டு, நாரால் கட்டின நீளமான தூரிகையை இரண்டு பக்கமும் ஆள் நின்று இழுத்துக்கொண்டு போனார்கள். பாவின் இருபுறமும் பெண்களும் பிள்ளைகளும் நின்று, இழை அறுந்த இடத்தில் சட்டென்று முடிந்தார்கள். கஞ்சி காய்வதற்குள் முடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நூல் ஒன்றோடொன்று ஒட்டிப் பாவே பாழாகிவிடும். ஒரு வீட்டார் மட்டும் தனியாகச் செய்யக்கூடிய வேலை இல்லை அது. நம் பாவுக்கு அவர்கள் வருவார்கள், அவர்கள் பாவுக்கு நாம் போக வேண்டும். கைக்குக் கை, அதுதான் அங்கே கணக்கு.

அந்தத் தெருவுக்குப் பெரியதனக்காரர் ஒருவர் இருந்தார். நியாயம் சொல்வது, பாவடிக்கு முறை பிரிப்பது எல்லாம் அவர் பொறுப்பு என்று பெயர். உண்மையில் முறை பிரித்தது அவருடைய மனைவி. கனத்த உடம்பு, கனத்த குரல். எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வீட்டில் எத்தனை கை என்று கேட்டார். இரண்டு பேர் என்றார் என் வீட்டுக்காரர். அந்த அம்மா என் மகளின் கையைப் பிடித்து விரல்களைப் புரட்டிப் பார்த்தார்.

"இதுவும் ஒரு கைதானுங்களே. நல்லா இழை முடியும்" என்றார்.

எனக்குச் சுருக்கென்று இருந்தது. சந்தையில் மாட்டின் பல்லைப் பார்க்கிற மாதிரி என் பெண்ணின் கையைப் பார்க்கிறாளே என்று கோபம் வந்தது. பள்ளிக்கூடம் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். பக்கத்தில் ஒன்று இருக்கிறது, மூன்றாம் வகுப்பு வரைக்கும், பெண் பிள்ளைக்கு அது போதும் என்று பதில் வந்தது. பெண்கள் பள்ளிக்கூடம் ஊரின் அந்தக் கோடியில், போய்வந்தால் கால் கடுக்கும் என்றார்கள். இந்த வீடு வேண்டாம் என்று நான் அங்கேயே திரும்பிவிட்டேன். என் வீட்டுக்காரர் பாவடி மரங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே என் பின்னால் வந்தார்.

பள்ளிக்கூடத் தெருவில் வீடு கிடைத்த கதை அதைவிட வேடிக்கை. அந்தத் தெருவுக்குள் நுழைந்ததும் அவர் முகம் மலர்ந்தது. நல்ல அகலமான தெரு, அம்பு விட்டாற்போல நேர், ஒரு பக்கம் முழுக்க வேப்பமரம். ஈ காக்கை இல்லை. கையோடு கொண்டுவந்திருந்த கயிற்றை எடுத்துத் தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அளந்தார். இவ்வளவு அருமையான இடத்தில் ஒருத்தனும் பாவு விரிக்காமல் விட்டிருக்கிறானே, சேலத்துக்காரர்களுக்கு விவரம் பத்தாது என்று வியந்தார். நான் பூட்டியிருந்த பள்ளிக்கூட கேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இருவருக்கும் வீடு பிடித்துவிட்டது. ஆளுக்கொரு காரணம். அது லீவு காலம், தெரு அதனால்தான் வெறிச்சென்று கிடக்கிறது என்பது எங்கள் இரண்டு பேர் புத்திக்கும் எட்டவில்லை.

வைகாசியில் குடிபோனோம். பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பில் சேர்த்தேன். அக்கம்பக்கத்தில் கோர்ட்டு குமாஸ்தா ஒருவர், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் ஒருவர், இப்படிப்பட்ட குடும்பங்கள். நல்லவர்கள், அதைச் சொல்லாவிட்டால் என் நாக்கு அழுகிப்போகும். குமாஸ்தா வீட்டு அம்மா முதல் நாளே கொல்லைச் சுவருக்கு மேலே ஒரு கிண்ணம் நார்த்தங்காய் ஊறுகாய் நீட்டினார். தறிச் சத்தம் அவர்களுக்குத் தலைவலியாக இருந்திருக்கும், ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ஆனால் எங்கள் பிழைப்பு என்னவென்று அவர்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இல்லை.

முதல் பாவு விரித்த அன்று அது நன்றாக விளங்கியது. வேப்பமர நிழலில் விடியும்போதே விரித்துவிட்டோம். கஞ்சி போட ஆரம்பித்தால் கைகள் போதவில்லை. அவரும் கூலிக்கு வந்த ஒரு ஆளும் தூரிகை இழுக்க, இழை முடிய நானும் என் மகளும் மட்டும். நான் ஒரு கோடியில், அவள் ஒரு கோடியில். பாவடியில் வரிசையாக நின்றார்களே, அந்த ஆட்களையெல்லாம் நினைத்துக்கொண்டே ஓடி ஓடி முடிந்தேன். குமாஸ்தா கோர்ட்டுக்குக் கிளம்பி வெளியே வந்தார். பாவைத் தொட்டால் தீட்டோ என்னவோ என்று நினைத்தாரோ, எங்களுக்கு இடைஞ்சல் பண்ணக் கூடாது என்று நினைத்தாரோ, மிகவும் மரியாதையாகக் குடைக் கம்பியால் நூலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அடியில் குனிந்து போனார். பொலபொலவென்று இழைகள் அறுந்தன. மன்னிக்க வேண்டும் என்று வேறு சொன்னார். அந்த மனிதரை எப்படித் திட்டுவது?

அப்போதுதான் பள்ளிக்கூட கேட் திறந்தது. நிழல் இருந்த பக்கம்தான் பள்ளிக்கூடமும் இருந்தது. எங்கள் பாவு கேட்டுக்குக் குறுக்கே நீண்டு கிடந்தது. ரெட்டைச் சடை போட்ட பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்து நின்றார்கள். சிலர் குனிந்து நுழைந்தார்கள், சிலர் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒரு ஜட்கா வந்து நின்று வண்டிக்காரன் கத்தினான். என் வீட்டுக்காரர் நடுத்தெருவில் தூரிகையோடு நின்று, தெருவை முதல் தடவையாகப் பார்ப்பது போல் பார்த்தார். இந்தத் தெரு இப்படி மாறும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லையே என்று என்னிடமே கோபித்துக்கொண்டார்.

மணி அடித்தது. பெரிய டீச்சர் வாசலுக்கு வந்தார். வெள்ளைப் புடவை, வெள்ளைத் தலை. சத்தம் போடப்போகிறார் என்று நான் பயந்தேன். போடவில்லை. பாவின் கோடியில் நின்ற என் மகளிடம் போய், மணி அடித்தாகிவிட்டது, உள்ளே வரவில்லையா என்று கேட்டார். என் பெண் இழையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"பாவு காஞ்சதும் வாரேனுங்க டீச்சர்" என்றாள்.

பள்ளிக்கூடத்தின் வாசற்படியில் நின்றுகொண்டு சொன்னாள். பாவுக்கு இந்தக் கோடியில் நான் இருந்தேன், என் காதிலும் விழுந்தது. இதற்காகவா சண்டை போட்டு வீடு பிடித்தோம் என்று நினைத்துக்கொண்டே அடுத்த இழையை முடிந்தேன். அன்று பாவு காய்ந்து சுருட்டும்போது மத்தியானம் ஆகிவிட்டது. பாதிப் பாவு வீண்.

அது ஒரு நாளோடு போகவில்லை. அடுத்தடுத்த பாவுகளையும் அந்தத் தெருவில்தான் விரிக்க வேண்டியிருந்தது, ஒவ்வொரு தடவையும் அவள் பள்ளிக்கூடத்தைப் பார்த்துக்கொண்டே வெளியில் நின்றாள். அறுந்துபோனதைச் சரிசெய்யத் தறியில் எனக்கு வேலை கூடியது, அதனால் தார் சுற்றும் வேலை அவள் தலையில் விழுந்தது. பள்ளிக்கூடத்துப் பாட்டுச் சத்தம், வாய்ப்பாடு சொல்கிற சத்தம் எல்லாம் வீட்டுக்குள் கேட்கும். ராட்டையைச் சுற்றிக்கொண்டே அவளும் கூடச் சொல்வாள். பெரிய டீச்சர் என்னைக் கூப்பிட்டனுப்பி, பெண் கெட்டிக்காரி, ஆனால் இப்படி வராமல் இருந்தால் வருஷக் கடைசியில் அவளை மேல் வகுப்புக்கு ஏற்ற முடியாது என்றார். கண்டிப்பாகச் சொன்னாரே தவிரக் கடுமையாகச் சொல்லவில்லை. அதற்குப் பதில் அவர் திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

கடைசியில் முனிசிபாலிடி ஆள் வந்து, தெருவில் நூல் கட்டக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனான். என் வீட்டுக்காரர் என்னைக் குற்றம் சொல்லியிருக்கலாம். அவருக்கு அந்த உரிமை இருந்தது. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மறுநாள் நான் மட்டும் கிளம்பிப் பாவடித் தெருவுக்குப் போனேன்.

பெரியதனக்காரர் மனைவி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். வீடு வேண்டும் என்றேன். வீடு இருக்கிறது என்றார். ஒரே ஒரு விஷயம், என் பெண்ணை மட்டும் பாவுக்குக் கணக்கில் சேர்க்கக் கூடாது, அவளுக்குப் பதிலாக நான் இன்னும் கொஞ்சம் சேர்த்து நிற்கிறேன் என்றேன். அந்த அம்மா முறத்தைக் கீழே வைத்தார்.

"ஏனம்மிணி, எல்லார் ஊட்டுப் புள்ளையும் வந்து நிக்குது. உன்ற புள்ளை மட்டும் நிக்காதுன்னா நான் மத்தவங்களுக்கு என்ன சொல்றது?"

அவர் கேட்டது நியாயம். மற்ற பெண்களும் குழந்தைகள்தான், அவர்களை நிற்க வைத்துவிட்டு என் பெண்ணை மட்டும் ஒசத்தியாக்க நான் யார்? ஆனாலும் மனசு ஆறாமல், பள்ளிக்கூடத் தெருவில் நடந்ததையெல்லாம் சொன்னேன். வீடு தேடியது, குமாஸ்தா குடை, மணி அடித்தது, என் பெண் டீச்சரிடம் சொன்ன பதில், எல்லாம். குடையைச் சொன்னபோது சிரித்தார். கடைசியில் சொன்னதைச் சிரிக்காமல் கேட்டார். முறத்தை எடுத்து மறுபடியும் புடைக்க ஆரம்பித்தார். தெரு முறை தெரு முறைதான், வருவதானால் வா என்று மட்டும் சொன்னார்.

வேறு வழியில்லாமல் போனோம். சாமான்களை வண்டியில் ஏற்றும்போது குமாஸ்தா வீட்டு அம்மா கண் கலங்கினார். எனக்கு யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை. என் பெண், அங்கிருந்து பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு தூரம், நடந்தே வந்துவிடலாமா என்று வண்டிக்காரனைக் கேட்டுக்கொண்டு வந்தாள். விடிந்ததும் கிளம்பினால் வந்துவிடலாம் என்றான் அவன். விடிந்ததும்தான் பாவு விரிப்பார்கள். அதை நான் அவளுக்குச் சொல்லவில்லை, அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது.

குடிபோன வாரத்திலேயே ஒரு வீட்டுப் பாவுக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். மூன்று பேரும் போனோம். என் பெண் பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு, புத்தகப் பையை ஒரு புளியமரத்து வேரில் வைத்துவிட்டு வரிசையில் நின்றாள். நான் அவளுக்கு நாலு ஆள் தள்ளி நின்றேன். எதிர்ப்பக்கம் எனக்கு நேராக ஒரு பெண், கைக்குழந்தையை மரத்தில் கட்டின தூளியில் போட்டுவிட்டு வந்திருந்தாள். பெயர்கூட இன்னும் தெரியாது.

வேலை தொடங்கியதும் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நாங்கள் மாரடித்த வேலை இங்கே பேச்சும் சிரிப்புமாக ஓடியது. ஒரு இழை அறுந்தால் இரண்டு பக்கமிருந்தும் கை வந்தது. புதுசாக வந்தவள் என்று யாரும் என்னைத் தள்ளி வைக்கவில்லை, எங்கே எப்படிக் குனிந்தால் இடுப்பு வலிக்காது என்று சொல்லிக் கொடுத்தார்கள். இப்படி ஒரு தெருவை வேண்டாம் என்று சொன்னோமே என்று ஒரு பக்கம் மனசு நெகிழ்ந்தது. இன்னொரு பக்கம் என் பெண்ணைப் பார்த்தேன். அவள் மரத்தின் நிழல் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் போகலாமா என்று கேட்டிருந்தால்கூடத் தேவலை.

பெரியதனக்காரர் மனைவி வழக்கமாகப் பாவில் கை வைப்பதில்லை. மரத்தடியில் நின்று எல்லாரையும் விரட்டிக்கொண்டிருப்பார். அன்றும் அப்படித்தான் நின்றார். திடீரென்று, அந்தப் பை யாருடையது என்று கேட்டார். அவருக்குத் தெரியாமலா கேட்டிருப்பார்? புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நேராக என் பெண்ணிடம் வந்தார். அவளை இடித்துக்கொண்டு வரிசையில் நின்றார். அவள் விரல் பிடித்திருந்த இழையைத் தன் விரலில் வாங்கிக்கொண்டார்.

"நீ போ சாமி. உன்ற கை எங்கிட்ட இருக்குது."

தூரிகை நின்றது. வரிசையில் இருந்த ஒருத்தி, அப்படியானால் எங்கள் பிள்ளைகள் மட்டும் என்ன என்று முணுமுணுத்தாள். அந்த அம்மா தலையைத் திருப்பாமலே, அனுப்புகிறவர்கள் அனுப்பலாம், அந்தக் கைக்கும் தானே நிற்பதாகச் சொன்னார். தூரிகை மறுபடியும் நகர்ந்தது.

என் பெண் போகவில்லை. பாவை விட்டுப் போகக் கூடாது என்று நான்தான் அவளுக்குப் பழக்கியிருந்தேன். என்னைப் பார்த்தாள். என் இரண்டு கையும் நூலில் இருந்தது, கையசைக்கக்கூட முடியவில்லை. போ என்றேன். சத்தம் வந்ததா என்று தெரியவில்லை, ஆனால் அவளுக்குக் கேட்டது. பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஓட ஆரம்பித்தாள். பாவடியைத் தாண்டி, தெருமுனையில் திரும்புகிற வரைக்கும் ஓடினாள்.

எனக்கு முன்னால் ஒரு இழை அறுந்து தொங்கியது. கண்ணில் நீர் நிரம்பி, நுனி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. கஞ்சி காய்ந்துகொண்டிருந்தது. எதிரே நின்றவள் என் முகத்தைப் பார்க்காமலே கையை நீட்டி, அதை முடிந்துவிட்டாள்.